யாருக்குன்னு கேக்காதீங்க, யாரு வருவான்னு கேளுங்க

மதுரை செல்லூரில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் எழுதி ஒட்டாத ஒரு விதி உண்டு. தேர்தல் நேரத்தில் யாரும் யாரையும் பார்த்து "நீங்க யாருக்குப் போடுறீங்க?" என்று கேட்கமாட்டார்கள். சம்பளம் எவ்வளவு, மகனுக்கு ஏன் இன்னும் பெண் அமையவில்லை, இதையெல்லாம் தாராளமாகக் கேட்கலாம். ஓட்டு மட்டும் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி இருக்கிறது: "இந்தத் தடவ யாருண்ணே வருவா?"

2024 மார்ச் கடைசியில் ஒரு காலை. தறி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பையன் ஒருவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றான்.

"என்ன பெரியப்பா, இந்தத் தடவ யாரு?"

"அருவா சுத்தியல்தான் வரும்."

"எப்டிச் சொல்றீங்க?"

"எதுத்தாப்ல ரெண்டா பிரிஞ்சுல்ல நிக்கிறாய்ங்க. இலையும் தாமரையும் ஒண்ணா நின்னாலே இங்க மல்லுக்கட்டணும். தனித்தனியா நின்னா எங்கிட்டு வர்றது?"

அவ்வளவுதான் பேச்சு. பெரியவர் கிளம்பிப் போன பிறகு அந்தப் பையன் என்னிடம், "பெரியப்பா எம்ஜிஆர் காலத்து இலைக்காரருண்ணே, அதான் வயித்தெரிச்சல்ல பேசுறாரு" என்றான். அவர் சொன்னதில் தன் கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 'பிரிஞ்சு' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது, அதை நானும் கவனித்தேன். இதே சேதியை உதயசூரியன்காரர் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் ஒரு சிரிப்பு வந்திருக்கும்.

மதுரைப் பக்கம் தேர்தல் பேச்சு பெரும்பாலும் ஆரூடமாகவே நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. டீக்கடைக்காரருக்கு எல்லாக் கட்சிக்காரரும் வாடிக்கை. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் மாமனோ மச்சானோ, அடுத்த மாதம் காதுகுத்துக்கு மொய் எழுத வரவேண்டியவர். விருப்பத்தைச் சொன்னால் பகை வரும். கணிப்பைச் சொன்னால் வராது, தப்பினாலும் சிரித்துவிட்டுப் போகலாம். அதனால் மனதில் இருப்பது கணிப்பின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறது. வெளியூரிலிருந்து வந்து மைக் நீட்டுகிறவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. "எந்தக் கட்சிக்கு உங்க ஓட்டு?" என்று நேராகக் கேட்டு, "அதெல்லாம் இன்னும் முடிவு பண்ணலைங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, 'குழப்பத்தில் மதுரை வாக்காளர்கள்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள்.

கணிப்புக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் தேர்தல் முறையில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினவர் முழுத் தொகுதியையும் எடுத்துக்கொள்வார், இரண்டாவது வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. அதனால் 'தோக்குறவனுக்குப் போட்டு ஓட்ட வீணாக்கணுமா' என்ற பேச்சு நம்மூரில் மிகப் பெரிய சக்தி. யார் வருவார் என்று தெரிந்துகொள்வது வம்புக்காக மட்டும் இல்லை, ஓட்டை எங்கே போடுவது என்ற முடிவிலேயே அது பாதி. முதல் இரண்டு இடத்துக்குள் வராது என்று ஊர் தீர்மானித்துவிட்ட கட்சிக்கு, மனதார அதை விரும்புகிறவர்களே போடத் தயங்குவார்கள்.

இனி, நாடாளுமன்றத் தேர்தல் என்று வரும்போது பேச்சு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். "கோட்டைக்கு ஒரு கணக்கு, டெல்லிக்கு ஒரு கணக்கு" என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். இதற்கு மதுரையை விடச் சுத்தமான சாட்சி கிடைப்பது அரிது. 1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். இந்திரா காங்கிரசும் திமுகவும் கூட்டணி. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37 அந்தக் கூட்டணிக்குப் போனது. ஆட்சியில் இருந்த எம்ஜிஆரின் அதிமுகவுக்குக் கிடைத்தது சிவகாசியும் கோபிச்செட்டிபாளையமும் மட்டும். மதுரையில் காங்கிரசின் ஏ.ஜி. சுப்புராமன் ஜெயித்தார். அந்த முடிவைக் காட்டி பிப்ரவரியில் எம்ஜிஆர் ஆட்சியைக் கலைத்தார்கள். மே கடைசியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. எம்ஜிஆர் மதுரை மேற்கில் வந்து நின்றார், ஜெயித்தார், மறுபடி முதலமைச்சரும் ஆனார். ஐந்து மாதத்துக்குள் அதே ஊர், ஏறக்குறைய அதே வாக்காளர் பட்டியல், இரண்டு தீர்ப்பு.

1989-லும் இப்படி நடந்தது. ஜனவரியில் திமுக ஆட்சியைப் பிடித்தது. நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுக-காங்கிரஸ் கூட்டணி 38 இடங்களை அள்ளியது. பதினெட்டு வயதுக்காரர்கள் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டதும் அந்தத் தேர்தலில்தான்.

ஆனால் இந்த இரண்டாவது உதாரணத்தை எடுத்துக்கொண்டு 'மக்கள் எவ்வளவு தெளிவு பாருங்கள்' என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. 1989 ஜனவரியில் அதிமுக ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாகக் கிடந்தது, இரட்டை இலையும் முடங்கிப்போயிருந்தது. அப்புறம் அணிகள் இணைந்தன, சின்னம் திரும்பக் கிடைத்தது. மார்ச் மாதமே மதுரை கிழக்கில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலை ஜெயித்துவிட்டது. ஆக, நவம்பரில் நடந்ததில் வாக்காளரின் மனமாற்றம் எவ்வளவு, கட்சிகளின் கூட்டல் கழித்தல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். என் கணக்கில் கூட்டல் கழித்தல்தான் அதிகம்.

இரண்டு கணக்கு என்பது நிஜமாகவே உண்டு என்பதற்கு நான் நம்புகிற சாட்சி 2019 ஏப்ரல் 18. அன்றைக்குத் தேனி நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் ஆண்டிபட்டி, பெரியகுளம் இரண்டிலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து நடந்தது. ஒரே சாவடி, ஒரே விரல் மை, பக்கத்து பக்கத்தில் இரண்டு இயந்திரம். நாடாளுமன்றத்துக்கு அதிமுகவின் ரவீந்திரநாத், ஓ. பன்னீர்செல்வத்தின் மகன், ஜெயித்தார், மாநிலத்திலேயே அந்தக் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. இரண்டு சட்டமன்றத் தொகுதியிலும் திமுக ஜெயித்தது. (ஆண்டிபட்டியில் எதிரெதிரே நின்ற இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று நாங்கள் இங்கே பேசிச் சிரித்தோம்.) மாநிலம் முழுக்க டெல்லிக்கு எதிராக ஒரு பக்கம் சாய்ந்தபோது, இங்கே டெல்லி இயந்திரத்தில் இலையையும் கோட்டை இயந்திரத்தில் சூரியனையும் அமுக்கிவிட்டு வந்தவர்கள் கணிசமாக இருந்திருக்கிறார்கள். வேட்பாளர் யார், யாருடைய மகன், தொகுதிக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே வேலை செய்தது.

தேனியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், மதுரை மாவட்டத்தில் பத்துக்கு நாலு பேர் தேனிக்கும் விருதுநகருக்கும்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது மதுரைக்காரர்களுக்கே பல சமயம் மறந்துபோகிறது. மாவட்டத்தில் பத்து சட்டமன்றத் தொகுதி. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு அதில் ஆறுதான் மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன: மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியோடு போய்விட்டன. திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகரோடு. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு மதுரையின் அடையாளம், ஆனால் அந்த வாடிவாசல் இருப்பது தேனி எம்பியின் தொகுதி. மதுரை விமான நிலையம் விருதுநகர் எம்பியின் தொகுதி. தோப்பூரில் வரும் 'மதுரை எய்ம்ஸ்'சும் அப்படியே. மதுரை எம்பி எய்ம்ஸுக்குக் குரல் கொடுத்தால் 'உன் தொகுதியே இல்லையே' என்பார்கள், கொடுக்காவிட்டால் 'மதுரைக்காரன் கேட்கவேண்டாமா' என்பார்கள். டீக்கடையில் இது பற்றி நடக்கிற சண்டை பாதி புவியியல் சண்டை.

எய்ம்ஸ் என்று வாயைத் திறந்தாலே செங்கல் ஞாபகம் வரும். 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவித்தார்கள். இடத்துக்கு மூன்று வருஷம் இழுபறி. 2019 ஜனவரி 27, தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 2021 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தில் உதயநிதி ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி "இதுதான் எய்ம்ஸ்" என்றார். கூட்டத்துக்குக் கூட்டம் அந்தச் செங்கல் போனது. மாணவர்கள் சேர்ந்தார்கள், ஆனால் படிப்பு ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில். கவனித்துப் பார்த்தால் ஒரு மத்திய அரசுத் திட்டம் எப்படி வாக்காளர் பேச்சுக்குள் நுழைகிறது என்பதற்கு இது நல்ல பாடம். பட்ஜெட் ஒதுக்கீடு, ஜப்பான் கடன், காலக்கெடு, இதையெல்லாம் எதிர்க்கட்சிகள் வருஷக்கணக்காகப் பேசினார்கள். யாருக்கும் மனதில் நிற்கவில்லை. ஒரு செங்கல் நின்றது.

வேறொன்று அரிட்டாபட்டி. மேலூர் பக்கத்துக் கிராமம், 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. அதுவரை 'சுரங்கச் சட்டத் திருத்தம்' என்று யாராவது சொல்லியிருந்தால் மேலூர் சந்தையில் ஒருவர் திரும்பியிருக்கமாட்டார். ஏலச் செய்தி வந்த இரண்டே மாதத்தில், 2025 ஜனவரி 7, மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆயிரக்கணக்கில் கிளம்பி மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டத் திருத்தத்துக்கு யார் ஆதரித்தார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று கட்சி கட்சியாகப் பிரித்து, பெட்டிக்கடை வாசலில் பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். டெல்லி தூரம் என்பதெல்லாம் நம் நிலத்தின் சர்வே எண் அந்தக் காகிதத்தில் வரும் வரைக்கும்தான்.

சரி, கூட்டணிக்கு வருவோம். மதுரையில் நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி எது பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

மார்க்சிஸ்ட் கட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இடதுசாரிகளுக்கு வேர் உண்டு. ஹார்வி மில் தொழிலாளர்கள், நெசவாளர்கள் என்று பழைய அடித்தளம். 1957-லேயே தொழிற்சங்கத் தலைவர் கே.டி.கே. தங்கமணி இங்கிருந்து நாடாளுமன்றம் போனார், 1967-ல் பி. ராமமூர்த்தி போனார். பிறகு நெடுங்காலம் கழித்து 1999-ல் பொ. மோகன். எளிமைக்குப் பேர்போனவர், எதிர்க்கட்சிக்காரர்களும் மரியாதையாகப் பேசுவார்கள். அவர் 1999-ல் ஜெயித்தது அதிமுக கூட்டணியில், திமுகவைத் தோற்கடித்து. 2004-ல் ஜெயித்தது திமுக கூட்டணியில், அதிமுகவைத் தோற்கடித்து. 2009-ல் மறுபடி அதிமுக பக்கம் நின்று, மு.க. அழகிரியிடம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். மூன்று தேர்தலிலும் அவர் அதே மனிதர், சின்னமும் அதே அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். கூட இருந்த பெரிய கட்சிதான் மாறிக்கொண்டே இருந்தது.

2014-ல் இரண்டு கழகங்களும் காங்கிரசோடோ பாஜகவோடோ சேரவில்லை. 'மோடியா, இந்த லேடியா' என்று ஜெயலலிதா கேட்ட தேர்தல் அது. அதிமுக தனியாக 37 இடம் பிடித்தது. மதுரையில் கோபாலகிருஷ்ணன் ஏறக்குறைய இரண்டு லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். பெரிய கட்சி துணையில்லாமல் நின்ற மார்க்சிஸ்டுக்குக் கிடைத்தது சுமார் முப்பதாயிரம் ஓட்டு. ஐந்தே வருஷம் கழித்து, திமுக கூட்டணியில் சு. வெங்கடேசன் வாங்கியது நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே கட்சி, அதே சின்னம். வேட்பாளர் எழுத்தாளர், கீழடி பற்றி ஊர் ஊராகப் பேசியவர் என்பதெல்லாம் உதவியிருக்கும். ஆனாலும் முப்பதாயிரத்துக்கும் நாலு லட்சத்துக்கும் நடுவில் இருப்பதில் பெரும்பகுதி உதயசூரியன்காரர்களின் ஓட்டு. அவர்களுக்குச் சின்னத்தைப் பழக்கியதே ஒரு தனி வேலை. "இந்தத் தடவ நம்ம சின்னம் மெஷின்ல இருக்காது அப்பத்தா, அருவா சுத்தியல் நட்சத்திரம் பாத்து அமுக்கு" என்று வீடுவீடாகச் சொல்லவேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி மூன்று தடவை கேட்டுவிட்டு, "அப்ப சூரியன் எங்க போச்சு?" என்றார்.

2024-க்கு வருவோம், பெரியவர் போட்ட கணக்குக்கு. வெங்கடேசனுக்கு 4.30 லட்சம். தாமரையில் நின்ற ராம சீனிவாசனுக்கு 2.21 லட்சம். இரட்டை இலையில் நின்ற டாக்டர் சரவணனுக்கு 2.05 லட்சம். கடைசி இரண்டையும் கூட்டினால் 4.26 லட்சம், வெற்றிக்கு ஒரு நூல் தூரம். ரிசல்ட் வந்த மறுநாள் செல்லூர் பெஞ்சில் பேப்பரின் ஓரத்தில் பேனாவால் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டினார் அதே பெரியவர். "பாத்தியா, ஒண்ணா நின்னுருந்தா?"

கூட்டல் சரி. அரசியல் சரியா என்றால், இல்லை என்பேன். 2019-ல் அந்த இரண்டு கட்சியும் ஒன்றாகத்தான் நின்றன, கூடவே தேமுதிகவும் இருந்தது. அப்போது மதுரையில் அந்த மொத்தக் கூட்டணிக்கும் கிடைத்தது 3.07 லட்சம். சேர்ந்து நின்றபோது மூன்று, பிரிந்து நின்றபோது நாலேகால். 2019-ல் டிடிவி தினகரனின் அமமுக தனியாக நின்று ஒரு பங்கைப் பிரித்தது, 2024-ல் அது பாஜக பக்கம் வந்துவிட்டது, அதையும் கணக்கில் வைக்கவேண்டும். அது போக மீதி இருப்பது ஓட்டுப் போடுகிறவரின் மனம். தாமரை இல்லாத இலைக்குப் போட்டவர்களில் ஒரு பகுதி, தாமரை சேர்ந்த இலைக்குப் போடமாட்டார். சிறுபான்மை மக்கள் மட்டும் இல்லை, திராவிடக் கட்சிப் பழக்கத்தில் ஊறிய பலரும் அப்படி. அதேபோல, கழகங்கள் இரண்டும் வேண்டாம் என்று தாமரைக்குப் போட்டவரும் இலை வந்தால் முகம் சுளிப்பார். எண்கள் காகிதத்தில் கூடும், ஓட்டுகள் அந்த அளவுக்குக் கூடாது. இந்தக் கூட்டல் பல தடவை தப்பியும் ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சி அலுவலகத்திலும் அதையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த டாக்டர் சரவணனின் பயணமும் பேச்சுக்கு நல்ல தீனி. 2019 திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில் உதயசூரியனில் ஜெயித்தார். 2021-ல் மதுரை வடக்கில் தாமரையில் நின்றார். 2024-ல் இரட்டை இலை. இப்படி மாறுகிறவரை ஊர் திட்டும் என்று நினைப்பீர்கள். நான் கேட்டவரை பெரிதாகத் திட்டவில்லை. "டாக்டரு நல்ல மனுசன், கட்சிதான் அவருக்கு அமையல" என்றார் ஒருவர், மாப்பிள்ளைக்கு வரன் அமையாததைப் போல. நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளரின் எடை அவ்வளவுதான். வார்டு கவுன்சிலர் தேர்தலில் ஆளைப் பார்ப்பார்கள், எம்எல்ஏவுக்குப் பாதி ஆள் பாதி கட்சி. எம்பிக்கு மேலே யார், கூட யார் என்பதுதான் கேள்வி. 1998-ல் சுப்பிரமணியன் சுவாமி இங்கே ஜெயித்ததை வேறு எப்படியும் விளக்கமுடியாது. ஜனதா கட்சிக்கு மதுரையில் எத்தனை கிளை இருந்திருக்கும்? அதிமுக கூட்டணி இருந்தது, போதும். மறுவருஷம் டெல்லியில் அவர் வைத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியாவும் சந்தித்தார்கள், ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் ஆட்சி ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. 'மதுரைக்காரன் போட்ட டீயில கவுந்த ஆட்சி' என்று எங்கள் கடையில் இன்னமும் சொல்லிக்கொள்வார்கள்.

பெண்களின் பேச்சு வேறு இடங்களில் நடக்கிறது. ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க் கரை, மகளிர் குழுக் கூட்டம். அங்கே கட்சிப் பெயரே அதிகம் அடிபடாது. சிலிண்டர் என்ன விலை, நூறு நாள் கூலி இந்த மாதம் அக்கவுண்டில் ஏறியதா, ஆயிரம் ரூபாய் வந்ததா. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாநில அரசுப் பணம். நூறு நாள் வேலை மத்திய அரசு கொண்டுவந்த சட்டம். ஆனால் கூலி தாமதமானால் கோபம் முதலில் விழுவது ஊராட்சி எழுத்தர் மேல். எந்தப் பணம் எந்த அரசிலிருந்து வருகிறது என்பதை மக்களுக்குப் புரியவைக்கிற கட்சி, அந்தத் தேர்தலில் பாதித் தூரம் கடந்துவிடும். 'ஆயிரம் தந்தது நாங்கள், கூலியை நிறுத்தினது அவர்கள்' என்ற ஒரே வாக்கியம் 2024-ல் கிராமங்களில் எத்தனை தடவை சொல்லப்பட்டது என்பதை எண்ணினால் தெரியும். எதிரணிக்கு அதே வரிசையில் சொல்ல 'இலவச அரிசி டெல்லியிலிருந்து வருவது' என்ற வாக்கியம் இருந்தது. ரேஷன் கடை தமிழ்நாட்டு அரசுடையது என்பதால் அது எடுபடவில்லை.

இந்தப் பேச்செல்லாம் கட்சிகளின் காதுக்கு எப்படிப் போகிறது? ஒரு தடவை பூத் கமிட்டியில் இருந்த நண்பர் தன் வாக்காளர் பட்டியலை என்னிடம் காட்டினார். சாதாரணமாக அச்சிட்டு வருகிற பட்டியல்தான்: பாகம் எண், வரிசை எண், பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண். ஓரத்தில் பென்சில். டிக் போட்டால் நம் ஓட்டு. பெருக்கல் குறி, அவர்கள் ஓட்டு. வட்டம், ஊசலாட்டம். 'தி' என்றால் திருப்பூரில் வேலை, ஆளை வரவழைக்க பஸ் செலவு பார்க்கவேண்டும். சில பெயர்களின் மேல் நேர்கோடு, இறந்துவிட்டார்கள், பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஐந்து ஓட்டு, நாலு டிக், ஒன்று மட்டும் பெருக்கல். "இது யாருப்பா?" என்றேன். "மருமக. அவங்க அப்பா அந்தக் கட்சில கிளைச் செயலாளரு. வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு" என்றார். என் பெயர் எந்தப் பக்கத்தில் என்று தேடினேன். வட்டம் போட்டிருந்தது. பத்து வருஷமாக டீ குடித்தும் அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது அவருக்கு என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பென்சில் குறியில் சாதியும் அடக்கம், தனியாக எழுதத் தேவையில்லை, தெருப்பெயரும் அப்பா பெயருமே சொல்லிவிடும். முக்குலத்தோர், சௌராஷ்டிரர், நாடார், யாதவர், பட்டியல் சமூகத்தார், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் கட்சி அலுவலகத்தில் ஒரு உத்தேச எண் உண்டு. 2024-ல் 15 லட்சத்துக்கு மேல் வாக்காளர் இருந்த தொகுதியில் தனி ஒரு சமூகம் யாரையும் கரையேற்ற முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். மார்க்சிஸ்ட் வேட்பாளரின் சாதியைத் தேடித் துருவுகிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் மதுரை என்றால் இதை மட்டும்தான் பேசுகிறார்கள். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குக் கவரில் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று இந்தியா முழுக்கப் பெயர் பரவியது. இடைத்தேர்தல் என்பது ஒரு சட்டமன்றத் தொகுதி, மொத்த ஆட்சியும் வந்து இறங்கும். நாடாளுமன்றத் தொகுதி அதைப்போல ஆறு மடங்கு, கவர் மெலிந்துவிடும், பல தெருவுக்கு வந்தே சேராது. 2019-ல் வேலூரில் தேர்தலையே ரத்து செய்யும் அளவுக்குப் போனதையும் பார்த்தோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கினால் போட்டுவிடுவார்கள் என்ற கணக்குதான் இடிக்கிறது. இரண்டு பக்கமும் கொடுத்து, ஒரு பக்கம் தோற்றே தீரவேண்டும் அல்லவா. கொடுக்காவிட்டால் 'நம்மள மதிக்கல' என்று கோபம் வரும், அதைத் தணிக்கத்தான் பாதிப் பணம் போகிறது என்று என் பூத் கமிட்டி நண்பரே சொல்வார்.

வாட்ஸப் வந்த பிறகு பேச்சு கூடியதே தவிர, முடிவுகள் அங்கே எடுக்கப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. குடும்பக் குரூப்பில் ஒரு மாமா அனுப்புவார், இன்னொரு மாமா கைகூப்பிவிட்டு 'குட் மார்னிங்' படம் போடுவார். தேர்தல் முடியும் வரை அத்தை யாரையும் பேசவிடமாட்டார்.

பிரசாரம் ஓயும் மாலை, ஒலிபெருக்கி ஆட்டோக்கள் நின்றவுடன் ஊர் திடீரென்று அமைதியாகும். அந்த 48 மணி நேரத்தில்தான் வட்டம் போட்ட பெயர்களில் பல ஒரு பக்கம் சாய்கிறது என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், "என்ன பண்ணலாம்?" என்று ஒருவர் கேட்க, "எல்லாரும் அதுக்குத்தான் போடுறாங்களாம்" என்று இன்னொருவர் சொல்ல, அதோடு முடியும். 'எல்லாரும்' என்பது அதிகபட்சம் பக்கத்து மூன்று வீடு.

அப்புறம் மதுரையில் ஓட்டுப்பதிவைவிட பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2024-ல் ஏப்ரல் 19 ஓட்டு, 21 மீனாட்சி திருக்கல்யாணம், 23 அழகர் ஆற்றில் இறங்கினார். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு 69 சதவீதத்தைத் தாண்டியபோது மதுரை 62-லேயே நின்றுவிட்டது, அதற்குத் திருவிழா மேல் பழி போடமுடியாது, நகரத் தொகுதிகளின் வழக்கமான சோம்பல்தான். 2019-ல்தான் நிஜமான மோதல். ஏப்ரல் 18 ஓட்டுப்பதிவு, அன்றைக்கே தேரோட்டம், மறுநாள் அழகர். தேதியை மாற்றச் சொல்லி வழக்கெல்லாம் நடந்து, கடைசியில் மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு எட்டு மணி வரை நேரம் கொடுத்தார்கள்.

அன்றைக்கு நான் ஓட்டுப் போட்டது ஏழு மணிக்கு மேல். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம், மாசி வீதியில் தேர் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். அந்த அம்மா கையில் பிரசாதப் பை, தலையில் வாடின மல்லிகை. கணவர் குனிந்து மெதுவாக, "யாருக்குடி?" என்றார். அந்த அம்மா முன்னால் பார்த்தபடியே, "யாரு வருவான்னு பேசிக்கிறாய்ங்க?" என்று கேட்டார்.